மன்னார் வளைகுடா தீம் லேண்ட்: தூக்குப்பாலம், சங்குக்குளி, தனுஷ்கோடி ரயில். வாங்க, சேர்ந்து வரைவோம்

பாம்பன் சிக்னல் எழுதியது:

2025 மே மாதம் அபுதாபியில் டிஸ்னி பூங்கா வரப்போகிறது என்று அறிவித்ததிலிருந்து, அங்கே என்னென்ன பகுதிகள் வரும் என்று பூங்காப் பிரியர்களான நாம் எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். சரி, அது நடக்கட்டும். எனக்கு வேறொரு ஆசை. நம் ராமநாதபுரம் கடற்கரையை வைத்தே ஒரு தீம் லேண்ட், அதாவது ஒரே கருவை வைத்துக் கட்டும் பூங்காப் பகுதி, வரைந்தால் என்ன? மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு பெரிய பூங்காவுக்குள் 10 ஏக்கர் இடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

என் வரைவு இது. உள்ளே வந்ததும் கண்ணில் படவேண்டியது பழைய பாம்பன் தூக்குப்பாலம். டிஸ்னிலாந்தில் கோட்டை செய்கிற வேலையை இங்கே பாலம் செய்யும். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும், ஆளை உள்ளே இழுக்கும். கோட்டை அசையாமல் நிற்கிறது, நம் பாலம் திறக்கும். 1914ல் ஓட ஆரம்பித்த அந்தப் பாலத்தின் நடுவில் உள்ள ஷெர்சர் தூக்கு இரண்டு பக்கமும் பிரிந்து மேலே எழும்புவதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஆட்கள் வரிசையாக நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். அந்த வேலையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மணிக்கு ஒருமுறை பாலம் திறக்கும், படகுச் சவாரி அடியில் போகும், ரயில் இந்தப் பக்கம் சிக்னலுக்குக் காத்து நிற்கும்.

பாலத்தைத் தாண்டினால் இரண்டு பெரிய சவாரிகள். ஒன்று சங்குக்குளி, அதாவது சங்கு எடுக்க மூழ்குவது. கடலுக்கு அடியில் இறங்குகிற இருட்டுச் சவாரி. இன்னொன்று தனுஷ்கோடி ரயில். அதை எப்படிச் செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நடுவில் மீன் ஏலம், சாப்பாட்டுக் கடைகள்.

அடித்துத் திருத்துங்கள்.

யாஸ் தீவு காக்கா எழுதியது:

தம்பி, நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். நான் கீழக்கரை, வேலை அபுதாபியில். இங்கே 2023ல் திறந்த சீவேர்ல்டு என்ற கடல் பூங்காவுக்குள் போனால் முதலில் வருவதே அபுதாபியின் சொந்தக் கடல்தான். மரக்கலம், முத்துக்குளிப்பு, பழைய துறை எல்லாவற்றையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் துருவக் கடல், 2.5 கோடி லிட்டர் தொட்டி எல்லாம். தன் ஊர்க் கடலைக் காட்டிவிட்டுத்தான் உலகக் கடலைக் காட்டுகிறான். எனக்கு அந்த வரிசை ரொம்பப் பிடித்தது.

ஆனால் ஒரு குறை. முத்து எடுத்தவன் என்ன பாடுபட்டான் என்பது அங்கே என் உடம்புக்கு வந்து சேரவில்லை. படகு அழகு, விளக்கு அழகு, அவ்வளவுதான். நம் சவாரி அந்த இடத்தில் ஜெயிக்க வேண்டும்.

முத்துக்குளிக்கிறவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அக்காள் தாலி அவன் கையில் இருக்கிறது, விடமாட்டான். சவாரியை இதிலிருந்து தொடங்குங்கள். குடும்பத்தில் பாதிப் பேர் மேலே படகில் உட்கார்ந்து கயிறு பிடிக்கட்டும், பாதிப் பேர் கீழே இறங்கட்டும். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் கைக்குத் தெரிய வேண்டும். இழுத்தால் வண்டி ஏற வேண்டும்.

கோஸ்டர் பிரியன் எழுதியது:

காக்கா, கயிறு யோசனை அருமை. ஆனால் ஓடாது. ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு இடத்தில் ஏற்றி, ஒரே நேரத்தில் கிளப்பி, திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு குழந்தை பெல்ட் போட அடம் பிடித்தால் மேலே இருக்கிற படகும் நிற்கும். நிற்காமல் ஓடுகிற சங்கிலி வண்டிகள் மணிக்கு 2,000 பேருக்கு மேல் ஏற்றும். இதில் 400 பேர் ஏறினால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை வரிசையை நினைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிக்கு ஆளைக் கொண்டுவரப் போவது ரயில்தான். 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் அடித்த இரவு. இருட்டில் ரயில் கிளம்புகிறது. பக்கவாட்டில் மழை, காற்று. சிக்னல் எரியவில்லை. தண்டவாளத்துக்கு மேலே அலை. தண்ணீர் பெட்டியை அடிக்கிறது, சாய்கிறது. அங்கே இருட்டில் ஒரு வீழ்ச்சி. உலகத்தில் எந்தப் பூங்காவிலும் இல்லாத கதை நம் கையில் இருக்கிறது. படக் கதாபாத்திரம் இல்லாமல் கூட்டம் வருமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அரிச்சல்முனை எழுதியது:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, அதிகம் எழுதமாட்டேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாச்சி குடும்பம் தனுஷ்கோடி. அன்றிரவு தப்பி, கையில் ஒன்றும் இல்லாமல் இந்தப் பக்கம் வந்தவர்கள். அந்த ரயிலில் 100 பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் டிசம்பர் 22ஆம் தேதி விளக்கேற்றுகிறார்கள். அந்தப் பெட்டி சாய்கிற இடத்தில் நீங்கள் ஒரு வீழ்ச்சி வைப்பீர்கள். அங்கே கேமரா இருக்கும். கை தூக்கிக் கத்துகிற படத்தை வெளியே வரும்போது விற்பீர்கள். தம்பி, அந்தப் படத்தை என் அம்மாவிடம் நான் எப்படிக் காட்டுவேன்?

ரயிலை வையுங்கள், கடலை வையுங்கள், தனுஷ்கோடியை வையுங்கள். அந்த இரவை மட்டும் தொடாதீர்கள்.

கோஸ்டர் பிரியன் எழுதியது:

அக்கா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. அவமதிக்கிற எண்ணம் துளியும் இல்லை. ஆனால் புயலே இல்லாமல் நம் கடற்கரையைக் காட்டினால் அது பொய்க் கடற்கரை ஆகிவிடுமே. டோக்கியோ டிஸ்னிசீயில் 2001லிருந்து 2016 வரை ஸ்டார்ம்ரைடர் என்று ஒரு சவாரி ஓடியது. விமானத்தில் உட்கார்த்தி நேராகப் புயலின் கண்ணுக்குள் கொண்டுபோவார்கள். ஜப்பானில் புயல் யாரையும் கொல்லவில்லையா? அங்கே ஓடினால் இங்கே ஏன் ஓடக்கூடாது?

யாஸ் தீவு காக்கா எழுதியது:

தம்பி, அந்தப் புயலுக்குத் தேதி கிடையாது. செத்தவர் பெயர் கிடையாது. கதைக்காகக் கிளப்பிய புயல். இரண்டும் ஒன்றாகாது.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆர்லாண்டோ யுனிவர்சலில் சூறாவளிச் சவாரி ஒன்று 1998 வசந்தத்தில் திறக்க இருந்தது. அந்த பிப்ரவரியில் நிஜச் சூறாவளி அந்தப் பக்கத்திலேயே அடித்து 42 பேர் போய்விட்டார்கள். திறப்பைத் தள்ளிவைத்து மே மாதம்தான் திறந்தார்கள். வெறும் கற்பனைச் சூறாவளிக்கே அந்த மரியாதை. இன்னொன்று, டிஸ்னி 1993ல் வர்ஜீனியாவில் அமெரிக்க வரலாற்றுக்கென்றே ஒரு பூங்கா அறிவித்தது. உள்நாட்டுப் போர், அடிமை முறை எல்லாவற்றையும் உள்ளே காட்டுவோம் என்றார்கள். வரலாற்றாசிரியர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அடுத்த வருடம் செப்டம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். டிஸ்னிக்குப் பணமும் திறமையும் குறைவா? உறவுக்காரர் உயிரோடு இருக்கிற துக்கத்தை டிக்கெட் போட்டுக் காட்டமுடியாது.

அரிச்சல்முனை எழுதியது:

நன்றி காக்கா.

கோஸ்டர் தம்பி கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. புயல் இல்லாத கடற்கரை பொய்தான். எங்கள் வீட்டில் புயல் எப்படி வரும் தெரியுமா? துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 1ஆம் எண், அப்புறம் 3ஆம் எண். "பாம்பனில் கூண்டு ஏத்திட்டாங்க" என்று தெரு முழுக்கப் பேச்சு ஓடும். அப்பா உடனே கரைக்கு ஓடுவார். வத்தையைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்து, நங்கூரக் கயிற்றை இரட்டையாகப் போட்டு, எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கிவந்து திண்ணையில் வைப்பார். வீடு முழுக்க டீசல் வாடை அடிக்கும். அம்மா கருவாட்டை அள்ளி உள்ளே போடுவார். கரையில் பத்துப் பேர் சேர்ந்து அம்பா பாடிக்கொண்டு படகு இழுப்பார்கள்.

இதைக் காட்டுங்கள். மாலையில் ஒருமுறை இந்தப் பகுதி முழுவதிலும் கூண்டு ஏறட்டும். விளக்கு மங்கட்டும், காற்று வரட்டும். வந்திருக்கிற ஆட்களையும் சேர்த்து ஒரு வல்லத்தைக் கரையேற்றச் சொல்லுங்கள். அப்புறம் கூண்டு இறங்கட்டும். எல்லோரும் கரையில் பத்திரமாக இருக்கட்டும்.

கோஸ்டர் பிரியன் எழுதியது:

இதைச் சவாரி என்று எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆனால் இதைப் பார்க்க நான் நாளெல்லாம் காத்திருப்பேன்.

வேகத்துக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் ஃபாண்டாசியாலாந்து என்று ஒரு பூங்கா. இடமே இல்லாத பூங்கா. அங்கே 2016ல் டாரோன் என்ற ரோலர் கோஸ்டரை ஒரு பாறைக் கிராமத்துக்குள் நெய்து வைத்தார்கள். மணிக்கு 117 கிலோமீட்டர், நடுவழியில் இன்னொரு முறை உந்தித் தள்ளும். பாறையும் வீடும் முகத்துக்குப் பக்கத்தில் பறக்கும். படம் கிடம் எதுவும் கிடையாது. அந்த மாதிரி நமக்கு மேல்காற்றின் பெயரில் "கச்சான்" என்று ஒரு கோஸ்டர். வண்டி பாய்மர வல்லம். மேல்காற்று அடிக்கும்போதுதான் உந்தல். புயல் கிடையாது, சாவு கிடையாது, காற்று மட்டும்.

உச்சிப்புளி வெல்டர் எழுதியது:

நான் இரும்பு வேலை செய்கிறவன். பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

எந்தப் பாலம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பழையதுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் பொறியியலில் பெரிய சாதனை. 72.5 மீட்டர் நீளத் தூக்கு அப்படியே நேராக மேலே போகிறது. ஆனால் பூங்காவில் பார்த்தால் லிஃப்ட் ஏறுகிற மாதிரிதான் தெரியும். பழையது வாய் பிளக்கும். அதுவும் 1964 புயலில் மற்ற கர்டர்களில், அதாவது இரும்பு உத்தரங்களில், பெரும்பாலானவை கடலுக்குள் போனபோது தூக்கு மட்டும் நின்றது. மீனவர்கள் கடலில் கிடந்த கர்டர்களைத் தேடிக் கொடுக்க, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை ஓடவைத்தார்கள். புயல் கதை சொல்லியே தீரவேண்டும் என்றால் அந்த 46 நாளைச் சொல்லுங்கள். இழுத்துக் கட்டிய கதை அது.

துருவை மறக்காதீர்கள். பாம்பன் காற்றில் ஒரு போல்ட்டை வைத்தால் சீக்கிரமே செதில் செதிலாக உரியும். பூங்கா சென்னைப் பக்கம் கடலோரம் வந்தாலும் இதே கதைதான். கோஸ்டர் தண்டவாளத்துக்கும் தூக்கின் பல்லுக்கும் நிஜமான பெயின்ட், நிஜமான பராமரிப்பு வேண்டும். துரு மாதிரி தெரிகிற அலங்காரத்தைத் தனியாக, பாரம் தாங்காத தகட்டில் செய்யுங்கள். நிஜத் துருவும் அலங்காரத் துருவும் ஒரே இடத்தில் இருந்தால் சோதனைக்கு வருகிறவனுக்கு எது என்னவென்று தெரியாது. ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சுவருக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஃபுளோரிடாவில் 1998ல் திறந்த டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் ஹராம்பே என்று ஓர் ஊரைக் கட்டினார்கள். ஜோ ரோடி என்ற வடிவமைப்பாளரின் குழு கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் செய்தது. காரை உரிந்து உள்ளே கல் தெரிகிற சுவர்கள், வெடித்த தரை. புத்தம்புதிதாக எதுவும் தெரியாது. அந்தக் கடற்கரையின் லாமு நகரமும் பவளக் கல்லில் கட்டியதுதான். நம் தனுஷ்கோடி தேவாலயச் சுவரும் அதே இனம். கிட்டே போய்ப் பாருங்கள், கல்லுக்குள் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கும். விரல் நகம் நுழையும். காரை போன இடத்தில் மட்டும் அந்தக் கண்கள் தெரியும். அச்சு எடுத்துச் செய்கிறவன் அந்த ஆழத்தைப் பிடித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

கடற்பாசி மண்டபம் எழுதியது:

கடல் உயிரியல் மாணவி. மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

பூங்கா கடற்கரைக்கு வரவே கூடாது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், 1986லிருந்து தேசியப் பூங்கா. இந்தக் கடலைக் காட்டுகிறோம் என்று இந்தக் கடலிலேயே கான்கிரீட் போடுகிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அப்புறம், சங்குக்குளி சவாரியில் பவளப்பாறையை ஊதா, ரோஸ் என்று விளக்குக் கடை ஆக்காதீர்கள். நம் பவளப்பாறை பெரும்பாலும் பழுப்பு, மங்கல் மஞ்சள், பச்சை. தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்காது. வாடைக் காலத்தில் கலங்கிப்போகும். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஓர் ஆவுளியா, அதாவது கடற்பசு, மெதுவாக வந்து, கடற்புல்லை மேய்ந்துவிட்டு, மூச்சுக்கு மேலே போவதைக் காட்டினால் குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அது ஆடவேண்டாம், பாடவேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இதுவரை வந்த வரைவில் கடலுக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்களை யாரும் சொல்லவில்லையே? விரலுக்கு விரல் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து கிள்ளி எடுக்கிறார்கள். ஆக்சிஜன் கிடையாது. கரையேறியதும் அந்தத் துணியை அவிழ்ப்பார்கள், அப்போது விரல் நுனியைப் பாருங்கள். வெளுத்து, சுருங்கி, அங்கங்கே கீறல். இந்தக் கை சவாரியில் இருக்க வேண்டும்.

பாம்பன் சிக்னல் எழுதியது:

தோழி சொன்ன பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. கயிற்றுச் சவாரியின் ஆள்கணக்குச் சிக்கலும் இதில் தீரும். சவாரி ஓயாமல் ஓடுகிற சங்கிலி வண்டியாகவே இருக்கட்டும். வண்டி முதலில் படகுத் தளத்தைச் சுற்றி வரும். அங்கே ஒவ்வொருவர் மடியிலும் கயிறு. கீழே யாரோ அசைக்கிற துடிப்பு கைக்கு வரும். அப்புறம் அதே வண்டி கீழே இறங்கும். இப்போது கயிறு நம் இடுப்பில், மேலே நமக்கு முன்னால் போனவர்களின் நிழல் தெரியும். குடும்பத்தைப் பிரிக்கவேண்டாம். ஒருவரே இரண்டு பக்கமும் இருந்து பார்ப்பார். கீழே முதல் காட்சி பாசி எடுக்கும் அக்காமார்கள், அடுத்தது சங்கு, கடைசியில் ஆவுளியா.

யாஸ் தீவு காக்கா எழுதியது:

சரியாக வந்துவிட்டது. மேலே இழுக்கிற நேரத்தில் மட்டும் வண்டி சட்டென்று ஏறவேண்டும். காது அடைத்துத் திறக்கிற மாதிரி சத்தத்தையும் மாற்றுங்கள்.

கோஸ்டர் பிரியன் எழுதியது:

அப்போ தனுஷ்கோடி ரயில்? பாதியில் நிற்கிறது.

பாம்பன் சிக்னல் எழுதியது:

அதற்குத்தான் வருகிறேன். ஊர் உயிரோடு இருந்த காலத்தைக் கட்டுவோம். 1914லிருந்து சென்னையில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி துறை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அக்கரையில் மறுபடி ரயில் ஏறி கொழும்பு. ஒரே டிக்கெட். இர்வின், கோஷன் என்று கப்பல்கள் ஓடின. சுங்கம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். வரிசையில் நிற்கிற இடம் ரயில் நிலையம். பெட்டியில் ஏறுகிறோம், திறந்திருக்கிற பாலத்துக்காகக் காத்திருக்கிறோம், கடக்கிறோம், இரண்டு பக்கமும் கடல். துறையில் பெட்டி நின்றதும் தரையோடு நகர்ந்து கப்பல் தளமாக மாறுகிறது. அக்கரை வெளிச்சம் தெரிகிறது. இறங்குகிற இடம் தலைமன்னார். இவ்வளவுதான் சவாரி. வீழ்ச்சி இல்லை.

அரிச்சல்முனை எழுதியது:

இதில் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன். அம்மாச்சி சொல்லிக் கேட்ட ஊர் இதுதான். துறையில் மூட்டை தூக்குகிறவர்கள், கப்பலுக்கு மீன் கொண்டுவருகிறவர்கள், சிங்களம் பேசுகிறவர்கள் எல்லோரும் இருக்க வேண்டும். நினைவுச் சுவர் எதுவும் கடைகளுக்கு நடுவில் வேண்டாம். நிலையத்தில் ஒரு மூலையில் ஊரின் பெயர்ப்பலகை இருந்தால் போதும்.

உச்சிப்புளி வெல்டர் எழுதியது:

பெட்டி கப்பலாக மாறுவது செய்யக்கூடிய வேலைதான். பெட்டியை ஒரு நகரும் மேடையில் ஏற்றிப் பூட்டி, மேடையை லேசாக ஆட்டினால் கப்பல். ஆட்டத்தைக் குறைவாக வையுங்கள், வயதானவர்கள் வருவார்கள்.

நிழலைப் பற்றி யாரும் பேசவில்லை. அபுதாபியில் எல்லாம் கூரைக்குள், குளிர்சாதனம். நமக்கு அது கட்டுப்படியாகாது. பனைமரம் பார்க்க நம் ஊர், ஆனால் நிழல் தராது. பனையை ஓரத்தில் வைத்துவிட்டு, ஏலக்கூடத்துக்கும் வரிசைக்கும் ஓலைப் பந்தல் போடுங்கள். பந்தலைத் தெற்கு வடக்காகத் திறந்துவிட்டால் தென்காற்றான சோழகமும் வடகாற்றான வாடையும் உள்ளே வரும். தரையில் வெள்ளை மணல் மாதிரி பூசாதீர்கள், கண் கூசும்.

தொதல் கடை எழுதியது:

சாப்பாடு வரும் வரும் என்று கடைசி வரை படித்தேன், வரவே இல்லை! கீழக்கரைக்காரி எழுதுகிறேன். பர்கர் கடைக்கு ஓலை போட்டுக் கடற்கரை என்று சொல்லிவிடாதீர்கள். தொதல், வட்டிலப்பம், பதநீர், ராமநாதபுரம் குண்டு மிளகாய் அரைத்துத் தடவிய மீன். இந்த நான்கும் இருந்தால் வேறு பட்டியல் தேவையில்லை.

தொதல் கிண்டுவதை உள்ளே மறைத்து வைக்காதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து வற்ற மணிக்கணக்காகும். கை ஓயாமல் கிண்ட வேண்டும், நின்றால் அடிப்பிடிக்கும். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஊற ஆரம்பிக்கும்போது ஒரு வாசனை வரும். அந்தச் சட்டியை ரயில் நிலையத்து வரிசைக்குப் பக்கத்தில், காற்று வருகிற பக்கம் வையுங்கள்.

பாம்பன் சிக்னல் எழுதியது:

லாத்தா, வைத்தாயிற்று. நிலையத்துக்கு மேற்கே, ஏலக்கூடத்தை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமைக்குள் முழு வரைபடத்தையும் போடுகிறேன். வெல்டர் அண்ணே, தூக்கின் உயரம் எவ்வளவு வைக்கலாம், எதிரே எத்தனை அடி காலியாக விடவேண்டும் என்று சொல்லுங்கள், மற்ற அளவெல்லாம் அதை வைத்துத்தான். கோஸ்டர், உன் கச்சானின் தடத்தை வரைந்து அனுப்பு. பாலத்துக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்.